பக்கத்துத் தெருவில் தோடி வாசித்தால் நாம் போக மாட்டோம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வுபெற்ற டீச்சர் எழுதினால் அப்படித்தான் இருக்கும். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமை இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். லால்குடி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். அப்பா தவில்காரர். வகுப்பில் பெஞ்சின் மேல் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். "தட்டாதேடா" என்று அந்தக் கையிலேயே ஓர் அடி வைத்திருக்கிறேன். பிறகு மாமாவிடம் நாதஸ்வரம் கற்றுக்கொண்டான். இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது.

"டீச்சர், நாளைக்கு சாயந்தரம் ஸ்ரீரங்கத்துல வாசிக்கிறேன். தனிக் கச்சேரி. உங்க வீட்டுலேர்ந்து அஞ்சு நிமிஷம் நடந்தா போதும். நீங்க கட்டாயம் வரணும்" என்றான்.

தனிக் கச்சேரி என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமும் கும்பாபிஷேகமும் இல்லாமல், கேட்பதற்கென்றே கூடியவர்கள் முன்னால் உட்கார்ந்து வாசிக்கப் போகிறோம் என்ற சந்தோஷம். நாதஸ்வரக்காரர்களுக்கு வருடத்தில் எத்தனை முறை அது வாய்க்கும் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

போனேன். முப்பத்தைந்து வருடம் வருகைப் பதிவு எடுத்த கை, சும்மா இருக்குமா? எண்ணினேன். மொத்தம் 23 பேர். அதில் ஒன்பது பேர் வாசிப்பவர்களின் குடும்பத்தார். மண்டபத்தில் போட்டிருந்த நாற்காலி இருநூறுக்குக் குறையாது.

அந்த 23 பேருக்கு அவன் என்ன வாசித்தான் தெரியுமா? கம்பீர நாட்டையில் மல்லாரியில் ஆரம்பித்து, ஒரு வர்ணம், இரண்டு கீர்த்தனை முடித்து, தோடி ராகத்தை எடுத்தான். கீழே மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக மேலே ஏறினான். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சிறப்பு விருந்தினர்!

விழா நடத்தியவர் நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தார். "நமது அழைப்பை ஏற்று..." என்று ஆரம்பித்தார். என் மாணவன் நாதஸ்வரத்தை மடியில் இறக்கினான். சீவாளியைத் துடைத்தான். பொன்னாடை, மாலை, பேச்சு எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிஷம். பேச்சில் "நமது பாரம்பரியக் கலைகளைக் காக்க வேண்டும்" என்று மூன்று முறை வந்தது. பேசி முடித்து விருந்தினர் கிளம்பினார். அவரோடு எட்டுப் பேர் எழுந்து போனார்கள். "தம்பி, நேரமாச்சு, ஒரு மங்களம் வாசிச்சு முடிச்சுடுங்க" என்றார் நடத்தியவர்.

தோடி அந்தரத்தில் நின்றுபோனது. அந்தத் தோடிக்காகத்தான் இந்தப் பதிவு.

அந்த அமைப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்களாவது ஒரு மண்டபம் பிடித்து, ஒரு கலைஞனுக்குத் தனிக் கச்சேரி கொடுத்தார்கள். அதுகூடச் செய்யாத நம்மோடுதான் எனக்குச் சண்டை.

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று ஒருமுறை யோசியுங்கள். ஷேக் சின்ன மௌலானா சாகிப் வாழ்ந்த ஊர் இது. 1924-இல் ஆந்திராவில் பிறந்தவர். பரம்பரையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம். தஞ்சாவூர் பாணி மேல் வந்த ஆசையில் நாச்சியார்கோவில் வித்வான்களிடம் வந்து கற்றுக்கொண்டார். அரங்கன் மேல் வந்த பக்தியில் ஸ்ரீரங்கத்துக்கே வந்து குடியிருந்தார். 1977-இல் பத்மஸ்ரீ. 1982-இல் இதே ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் என்று ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். 1998-இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. 1999 ஏப்ரலில் மறைந்தார்.

அவரிடம் கற்ற ஷேக் மெகபூப் சுபானி, காலிஷாபி மெகபூப் தம்பதிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களும் ஸ்ரீரங்கத்துக்காரர்களாகிவிட்டவர்கள்தான். கிளாரினெட்டைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய ஏ.கே.சி. நடராஜன் திருச்சிக்காரர். அவருக்கு 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ. பெயரிலேயே நம் ஊரை வைத்திருக்கும் திருச்சி சங்கரன் 1971-இலேயே கனடா போய் டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அங்கே பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து கற்றுக்கொண்டார்கள்.

இங்கே? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இவர்களில் யாரையாவது நேரில் உட்கார்ந்து, முழுக் கச்சேரி கேட்டவர்கள் எத்தனை பேர்? பத்மஸ்ரீ அறிவித்த அன்று வாட்ஸ்அப்பில் "நம்ம ஊருக்குப் பெருமை" என்று அனுப்பினோம். அதோடு நம் கடமை முடிந்தது.

நான் சின்ன மௌலானாவை நேரில் கேட்டிருக்கிறேன். எண்பதுகளில், எனக்குக் கல்யாணமான புதிதில். ஸ்கூல் விட்டு, லால்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் ஓடினேன். தரையில் உட்கார இடமில்லை, தூண் ஓரம் நின்றுகொண்டே கேட்டேன். எனக்கு அப்போது ராகம் எதுவும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அவர் வாசித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் நின்ற பூக்காரப் பாட்டி கூடையைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை. இறக்கினால் சத்தம் வருமாம்! அந்தப் பாட்டி எந்த சபாவிலும் மெம்பர் கிடையாது. கேட்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாட்டிதான். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்து வாங்கிய பட்டயத்தில் அந்தப் பாடம் இல்லை.

இப்போது நாம் எப்படி இருக்கிறோம்? என் மாணவன் 23 பேருக்கு வாசித்த அதே வாரத்தில், எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்குச் சென்னை போனார்கள். முந்நூற்று முப்பது கிலோமீட்டர். டிக்கெட் ஆயிரக்கணக்கில். தப்பு என்று சொல்லவில்லை. நானும் இளையராஜா பைத்தியம்தான். ஆனால் 2023 செப்டம்பரில் சென்னை பனையூரில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரியின்போது என்ன நடந்தது என்று எல்லோரும் செய்தியில் பார்த்தோம். டிக்கெட் கையில் இருந்தும் நெரிசலில் உள்ளே போக முடியாமல் எத்தனையோ பேர் திரும்பினார்கள். அவ்வளவு தூரம், அவ்வளவு செலவு, அவ்வளவு கஷ்டத்துக்கு நாம் தயார். ஐந்து நிமிஷ நடைக்குத் தயாரில்லை.

காரணம் என்ன? என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். பக்கத்தில் கிடைப்பதற்கு நாம் மதிப்புக் கொடுப்பதில்லை. நாதஸ்வரத்தை நாம் வாத்தியமாகவே நினைப்பதில்லை. வாழைமரம், மாவிலைத் தோரணம், மேளம் என்று அலங்காரப் பட்டியலில் சேர்த்துவிட்டோம். தோரணத்தை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா?

இதை எழுதும் எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். யோக்கியதை இல்லை என்பதைச் சொல்லத்தான் வருகிறேன்.

2009-இல் என் மகள் கல்யாணம். கணக்குவழக்கு எல்லாம் என் பொறுப்பு. மேள செட்டுக்காரர் ஆறு பேருக்குப் பதினைந்தாயிரம் கேட்டார். ஒரு மணி நேரம் பேரம் பேசிப் பதினோராயிரத்துக்கு இறக்கினேன். வரவேற்புக்கு மெல்லிசைக் குழுக்காரர் நாற்பத்தைந்தாயிரம் என்றார். மறுபேச்சுப் பேசாமல் அட்வான்ஸ் கொடுத்தேன். முகூர்த்தத்தன்று நாதஸ்வரக்காரர்கள் மேடைக்குப் பக்கவாட்டில், ஏர்கூலரின் காற்று நேராக அடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ஒரு ராகத்தை அந்தப் பெரியவர் அழகாக விரித்துக்கொண்டிருந்தபோது, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று எங்கள் வீட்டு ஆட்கள் விரலை ஆட்டினார்கள். அவர் சட்டென்று நிறுத்திவிட்டுக் கெட்டிமேளத்துக்கு மாறினார். சாப்பாட்டில் அவர்களுக்குக் கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்துபோயிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை.

ஆக, சிறப்பு விருந்தினருக்காகத் தோடியை நிறுத்தியவர் மேல் கோபப்பட்டு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்தேன்.

"தில்லானா மோகனாம்பாள்" படம் 1968-இல் வந்தது. நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதில் வாணவெடிச் சத்தம் இடைஞ்சல் என்று சிவாஜி வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுவாரே, ஞாபகம் இருக்கிறதா? தியேட்டரில் நாம் எல்லோரும் கைதட்டினோம். "அதுதான் கலைஞனுடைய கௌரவம்" என்றோம். இன்றைக்கு நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு நாதஸ்வரக்காரர் அப்படி எழுந்து போனால் என்ன சொல்வோம்? "மேளக்காரனுக்கு எவ்வளவு திமிர்!" என்போம். பாக்கிப் பணத்தைப் பிடித்துக்கொள்வோம்.

ஒரு காலத்தில் நாதஸ்வரக்காரர்கள் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கக் கூடாது என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள். சுயமரியாதை இயக்கத்தார் அதற்காகச் சண்டையே போட்டார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தனக்கு மேடையும் மரியாதையும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். இன்று துண்டுக்குத் தடை கிடையாது. கேட்பவர்கள் காதைத்தான் மூடிக்கொண்டார்கள்.

இனி, இதைப் படித்துவிட்டு நீங்கள் சொல்லப்போகும் சமாதானங்களுக்கு வருகிறேன். பரீட்சைத் தாள் திருத்திப் பழகியவள் இல்லையா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நாதஸ்வரம் ரொம்பச் சத்தம் டீச்சர், ஹாலுக்குள் காது வலிக்கும்." காது வலிப்பது மைக்கால். திறந்த வெளியில், தேரோடும் வீதியில் ஒலிப்பதற்கென்றே பிறந்த வாத்தியத்துக்கு முன்னால் மைக்கை வைத்து, அதை முழுசாகத் திருகிவிட்டால் வேறு எப்படி இருக்கும்? நடுத்தர மண்டபத்தில் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் சுருதி குறைந்த நீளமான பாரி நாதஸ்வரம் வந்ததே நிதானமாக உட்கார்ந்து ராகம் வாசிப்பதற்குத் தோதாகத்தான்.

"யூடியூபில் எல்லாம் இருக்கிறதே." இருக்கிறது. நானும் கேட்கிறேன். ஆனால் உள்ளங்கை அளவு போனில் நாதஸ்வரத்தின் அடித்தொனி வருமா? தவிலின் இடது பக்கத்துத் தொப்பி வருமா? கீச்சுக் குரல்தான் வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் "நாய்ஸ்" என்கிறார்கள். தவிர, யூடியூபில் நீங்கள் கேட்பதால் என் மாணவன் வீட்டில் அரிசி வேகாது.

"இளைஞர்களுக்குப் பிடிக்காது." பிடிக்காது என்று யார் சொன்னது? நாம்தான் சொல்கிறோம். எத்தனை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம்? நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள், அதற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பொது அறிவுக் கேள்விக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். வாத்தியத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளை அந்தக் கேள்விக்கு ஒரு மதிப்பெண் வாங்கிவிடுகிறது.

"கூட்டம் வருவதில்லை, அதனால்தான் சபாக்கள் போடுவதில்லை." சாயந்தரம் நாலு மணிக்கு, ஜமக்காளம் விரித்துக்கொண்டிருக்கும்போது "மங்கள இசை" என்று அரை மணி போட்டால் யார் வருவார்? வாய்ப்பாட்டுக்கு ஆறரை மணி, நாதஸ்வரத்துக்கு ஜமக்காள நேரம். திருவையாறு ஆராதனையில்கூட நாதஸ்வரம்தான் முதலில். ஆனால் நாம் போய்ச் சேருவது பஞ்சரத்ன கீர்த்தனைக்கு. வடக்கே பாருங்கள். ஷெனாயும் கல்யாண வாசலில் ஊதிய வாத்தியம்தான். அதை உட்கார்ந்து கேட்கிற கச்சேரி வாத்தியமாக்கினார் பிஸ்மில்லா கான். காசியை விட்டு நகராமல் வாழ்ந்தார். 2001-இல் பாரத ரத்னா கொடுத்தார்கள். காசிக்கு பிஸ்மில்லா கான் என்றால் ஸ்ரீரங்கத்துக்கு சின்ன மௌலானா. ஆனால் சின்ன மௌலானா யார் என்று நம் தெருப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் சொல்வார்கள்?

கோயில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தக் கோயில் என்று சொல்லவில்லை, எல்லா ஊரிலும் நடக்கிறது. ஸ்விட்சைப் போட்டால் மணியும் முரசும் அடிக்கும் இயந்திரத்தை வாங்கி வைத்துவிட்டார்கள். விடியற்காலையில் பூபாளம், ராத்திரி நீலாம்பரி, சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி என்று வேளைக்கு ஒரு ராகம் வாசித்த மரபு நம்முடையது. கடிகாரம் இல்லாத காலத்தில் ஊரே அதை வைத்து வேளை தெரிந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் மோட்டார் அடிக்கிறது. எல்லா தெய்வத்துக்கும் எல்லா வேளைக்கும் ஒரே அடி. நாமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருகிறோம்.

சரி, திட்டியது போதும். என்ன செய்ய வேண்டும் என்று நாலு விஷயம் சொல்கிறேன். ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

ஒன்று. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில், முதல் நாள் சாயந்தரம் ஒரு மணி நேரம் நாதஸ்வரத்துக்கென்றே ஒதுக்குங்கள். மேடையில் உட்கார வையுங்கள். வாசிப்பவரின் பெயரைப் பத்திரிகையில் போடுங்கள். கேட்டரிங்காரர் போன் நம்பரைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறோம், வாசித்தவர் பெயர் தெரியாமல் "மேளம்" என்கிறோம்.

இரண்டு. அவர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். வாசிப்பதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே ஊத முடியாது. காலிவயிற்றோடு மூன்று மணி நேரமும் ஊத முடியாது.

மூன்று. சபா நடத்தும் பெரியவர்களே, மாதம் ஒரு கச்சேரியாவது நாதஸ்வரத்துக்கு ஆறரை மணி கொடுங்கள். சிறப்பு விருந்தினர் வந்தால் ராகம் முடியும்வரை உட்காரட்டும். அதுதான் அவருக்கும் மரியாதை.

நான்கு. ஆசிரியர்களாக இருக்கும் என் தம்பி தங்கைகளே, மாவட்டத்து அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரமும் தவிலும் சொல்லித்தருகிறார்கள். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையை உங்கள் பள்ளிக்கு வரவழைத்துப் பத்து நிமிஷம் வாசிக்கச் சொல்லுங்கள். சீவாளி என்றால் என்ன, அதை ஏன் நாக்கில் நனைக்கிறார்கள், தவில்காரர் விரலில் போட்டிருக்கும் கூடு எதற்கு என்று பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். பெஞ்சில் தட்டும் பையன் ஒருவன் உங்கள் வகுப்பிலும் இருப்பான். அவன் கையில் அடிக்காதீர்கள். நான் அடித்தேன், இன்றைக்கும் உறுத்துகிறது.

கச்சேரி முடிந்து அன்று என் மாணவனிடம் போய், "தோடியை நிறுத்திட்டாங்களேடா" என்றேன். கண் கலங்கிவிட்டது எனக்கு. அவன் சிரித்துக்கொண்டே உறையில் நாதஸ்வரத்தைப் போட்டான்.

"பழகிடுச்சு டீச்சர். நீங்க கடைசிவரைக்கும் இருந்தீங்கல்ல, அது போதும்" என்றான்.

அது போதாது. அவனுக்குப் போதும் என்று தோன்றுகிறதே, அதுதான் நாம் அவனுக்குச் செய்த பாவம்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, சாயந்தரம் ஐந்து மணி, எங்கள் வீட்டு மாடி. மைக் கிடையாது, பொன்னாடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது. விட்ட இடத்திலிருந்து தோடியை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் குழுவுக்கு என் பென்ஷனிலிருந்து, அவன் கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுக்கிறேன். 2009-இல் குறைத்த நாலாயிரத்தை அந்தப் பெரியவரிடம் இனிமேல் கொடுக்க முடியாது. அவர் இப்போது இல்லை.

மாடியில் நாற்பது பேர் உட்காரலாம். காபி உண்டு. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வருகைப் பதிவு எடுப்பேன்.